கொள்ளிடத்தின் கதை ரைன் கரையில் முடிந்ததா? ஏழாண்டுப் போரும் ஒரு மாற்று வரலாறும்

1. கேள்வி

திருச்சியிலிருந்து சிதம்பரம் போகும் நெடுஞ்சாலையும், தஞ்சாவூரிலிருந்து திருமானூர் வழியாக அரியலூர் போகும் சாலையும் கீழப்பழுவூரில் குறுக்கிட்டுக்கொள்கின்றன. இன்று அங்கே நின்றால் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றிய லாரிகள்தான் கண்ணில் படும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இந்த வட்டாரத்தின் அமைப்பு வேறு. வடக்கே அரியலூர் மழவராயர்களின் பாளையம். வடகிழக்கே காடு சூழ்ந்த உடையார்பாளையம். தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சை மராட்டியர் நாடு. தென்மேற்கே ஆர்க்காட்டு நவாபின் கொடி பறந்த திருச்சிக் கோட்டை. புதுச்சேரியிலிருந்து திருச்சிக்கு வந்த பிரெஞ்சுப் படையும், அதைத் தடுக்க முயன்ற ஆங்கிலப் படையும் இந்த வடகரையைக் கணக்கில் எடுக்காமல் நகர முடியவில்லை.

பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான போரை மாற்றி எழுதிப் பார்ப்பவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஆண்டுகள் 1870, 1914, 1940. கடைசி ஆண்டைப் பற்றி மட்டும் ஒரு நூலகமே சேர்க்கலாம். 1940இல் பிரான்ஸ் சரணடையாமல் வட ஆப்பிரிக்காவிலிருந்து போரைத் தொடர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் கூட்டாக எழுதிய நூல் 2010இல் வெளிவந்தது. அந்த ஆண்டுக்குத் தமிழ்த் தொடர்பும் உண்டு. புதுச்சேரி ஆளுநர் லூயி போன்வென் விஷி அரசை ஏற்காமல் தெ கோல் பக்கம் சாய்ந்தார். ஆனால் நாலாபுறமும் பிரிட்டிஷ் இந்தியா சூழ்ந்திருந்த ஊருக்கு வேறு வழி ஏதும் இருந்ததாகச் சொல்ல முடியாது. மாற்று வரலாற்றுக்குத் தீனி போட அது போதாது.

நம் மண்ணின் போக்கையே திருப்பியிருக்கக்கூடிய பிரெஞ்சு-ஜெர்மானிய மோதல் அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முந்தையது: 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போர். ஜெர்மனி என்றொரு நாடு அப்போது கிடையாது. பிரஷ்யா, ஹனோவர், சாக்சனி என்று பல அரசுகள் இருந்தன. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்குடனும் ஹனோவர் படைகளுடனும் பிரான்ஸ் ரைன் நதிக்கு அப்பால் போரிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டார், சென்னையை முற்றுகையிட்டார், வந்தவாசியில் தோற்றார், புதுச்சேரியையும் இழந்தார். பிரான்ஸ் ஜெர்மன் மண்ணில் கால் வைக்காமல் இருந்திருந்தால் இவற்றில் எது மாறியிருக்கும்? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான்.

2. நடக்காததை ஆராயும் முறை

நடக்காத ஒன்றை ஆராய்வது ஆய்வாகுமா என்ற ஐயம் நியாயமானது. ‘வரலாறு என்றால் என்ன?’ நூலை எழுதிய ஈ. எச். கார், இவ்வகை யோசனைகளைப் பொழுதுபோக்கு விளையாட்டு என்ற அளவில் ஒதுக்கினார். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே மாக்ஸ் வெபர் மறுபக்கத்தைச் சொல்லியிருந்தார். ‘இந்தக் காரணத்தால் இது நடந்தது’ என்று எழுதும் ஒவ்வொரு வரலாற்றாசிரியரும், அந்தக் காரணம் இல்லையென்றால் அது நடந்திராது என்ற மாற்று வரலாற்றையும் சொல்லாமல் சொல்லிவிடுகிறார். அப்படியானால் அதை வெளிப்படையாக வைத்துச் சோதித்துப் பார்ப்பதே நேர்மை. 1997இல் நியால் பெர்குசன் தொகுத்த நூல் இன்னொரு வரம்பையும் சேர்த்தது: அக்காலத்தவர்கள் தாங்களே எண்ணிப் பார்த்த, சான்றுகளில் பதிவான வாய்ப்புகளை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழுவூர்க்காரர்களுக்கு மாற்று வரலாறு புதிதல்ல. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னைப் படித்துவிட்டு, பெரிய பழுவேட்டரையரின் மாளிகை எங்கே என்று கேட்டு வருபவர்கள் இன்றும் உண்டு. கல்வெட்டுகளில் தெரியும் பழுவேட்டரையர்களோ குமரன் கண்டன், குமரன் மறவன், கண்டன் அமுதன் என்று கோயிலுக்கு நிவந்தம் விட்டவர்கள், சோழருக்காகப் போரிட்டவர்கள். நாவலாசிரியர் காரணத்தையும் விளைவையும் சேர்த்தே படைத்துக்கொள்ளலாம். ஆய்வாளருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே ஒரு கண்ணியை மட்டும் மாற்றலாம், மீதியைச் சான்றுகளிடம் விட்டுவிட வேண்டும்.

பழுவூர்க் கோயில் சுவர்கள் சோழர் காலத்தைப் பற்றி நிறையவே பேசுகின்றன. நாம் கேட்கும் காலத்துக்கு அவை உதவா. ராபர்ட் ஓர்மின் போர் வரலாறு, ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பு, பிரெஞ்சு, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கடிதப் போக்குவரத்து ஆகியவையே நமக்குள்ள பிடிமானம். மூன்றும் கோட்டைக்குள்ளிருந்து எழுதப்பட்டவை. கொள்ளிடக்கரை உழவர்கள் அவற்றில் பெயரில்லாமல்தான் வருகிறார்கள்.

3. இதுவரையான புரிதல்

பழைய வாதம் ஒன்று லண்டனிலிருந்து வந்தது. அமெரிக்கா ஜெர்மனியில்தான் வெல்லப்பட்டது என்ற பொருளில் வில்லியம் பிட் 1761இல் நாடாளுமன்றத்தில் பேசினார். பிரான்சின் பணமும் படையும் ரைன் கரையில் சிக்கிக்கொண்டதால்தான் கனடா தங்கள் கைக்கு வந்தது என்பது அவர் கணக்கு. கனடாவுக்குச் சொன்னதை இந்தியாவுக்கும் நீட்டிக்கொள்வது எளிது, பலரும் நீட்டியிருக்கிறார்கள். ஆனால் பிட் அதைச் சொன்ன சூழலைக் கவனிக்க வேண்டும். பிரெடரிக்குக்கு ஆண்டுக்கு 6,70,000 பவுண்டு உதவித்தொகை தருவதென்று 1758 ஏப்ரலில் பிரிட்டன் ஒப்பந்தம் செய்திருந்தது. ஹனோவர் படைக்கும் பிரிட்டனே செலவழித்தது. இவ்வளவு பணம் எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பிட் சொன்ன பதில் அது. அமைச்சர் ஒருவர் தன் செலவுக்குச் சொன்ன நியாயத்தை வரலாற்று விதியாக எடுத்துக்கொள்வது ஆபத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாலசன் எழுதிய பிரெஞ்சு இந்திய வரலாறு பழியை மனிதர்கள் மேல் போட்டது: லாலியின் முன்கோபம், புதுச்சேரி ஆலோசனை சபையின் ஒத்துழையாமை, கடற்படைத் தளபதி தாஷேயின் தயக்கம், வெர்சாய் அமைச்சர்களின் அலட்சியம். 1890இல் மாகன் கடலாதிக்கம் ஒன்றே தீர்மானித்தது என்றார். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கிலப் பதிப்பில் பெரும்பங்காற்றிய டாட்வெல் 1920இல் எழுதிய நூல், பணத்தின் பக்கமும் கவனத்தைத் திருப்பியது. ஆளுமை, கடல், பணம் என்ற மூன்றையும் ஐரோப்பியக் கணக்கோடும் உள்ளூர்க் கணக்கோடும் சேர்த்துப் பார்த்தால்தான் பிட்டின் வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரியும்.

4. எந்தக் கண்ணியை மாற்றுவது?

1756 மே 1ஆம் தேதி வெர்சாயில் பிரான்சும் ஆஸ்திரியாவும் ஓர் உடன்படிக்கை செய்தன. ஆஸ்திரியா தாக்கப்பட்டால் 24,000 வீரர்களை அனுப்புவது பிரான்சின் கடமை. அவ்வளவே. அந்த ஆகஸ்டில் பிரெடரிக் சாக்சனிக்குள் புகுந்தார். பிரெஞ்சுப் பட்டத்து இளவரசரின் மனைவி சாக்சனி அரசரின் மகள். வெர்சாய் அரண்மனையில் அவர் அழுகைக்கு எடை இருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1757 மே 1ஆம் தேதி, இரண்டாம் வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது. இம்முறை பிரான்ஸ் ஒப்புக்கொண்டது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படையை ஜெர்மன் மண்ணில் நிறுத்துவதும், ஆஸ்திரியாவுக்கு ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் புளோரின் தருவதும்.

மறுநாள், 1757 மே 2ஆம் தேதி, லாலி பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

மாற்ற வேண்டிய கண்ணி இதுதான். முதல் உடன்படிக்கையோடு பிரான்ஸ் நின்றுகொண்டது, 24,000 பேரோடு கடமையை முடித்துக்கொண்டது, மீதிப் பலத்தைக் கடலுக்கும் குடியேற்றங்களுக்கும் திருப்பியது என்று வைத்துக்கொள்வோம். வெர்சாயில் இப்படி வாதிட்டவர்கள் இருந்தார்கள். எனவே இது வெறுங்கற்பனை இல்லை. ரோஸ்பாக் நடந்திராது. 1757 நவம்பர் 5 அன்று தன் படையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்த பிரெஞ்சு-ஜெர்மானியப் பேரரசுக் கூட்டுப் படையைப் பிரெடரிக் ஒன்றரை மணி நேரத்தில் சிதறடித்த போர் அது. 1758 ஜூன் 23இல் கிரேபெல்டிலும், 1759 ஆகஸ்ட் 1இல் மிண்டனிலும் ஏற்பட்ட தோல்விகளும் இருந்திரா.

5. மிச்சமாகும் பணம் எதை வாங்கியிருக்கும்?

பணம் மிச்சமாகியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பணம் தமிழகக் கடற்கரைக்கு வந்து சேர்ந்திருக்குமா என்பதில்தான் சந்தேகம்.

முதல் தடை ஆள். முறைப்படி போர் அறிவிப்பதற்கு முன்பே, 1755இன் பிற்பகுதியில், பிரிட்டிஷ் கடற்படை சுமார் 300 பிரெஞ்சு வணிகக் கப்பல்களையும் சுமார் 6,000 மாலுமிகளையும் பிடித்துவிட்டது. கப்பலைக் காசு கொடுத்துக் கட்டலாம்; பாய்மரம் ஏறத் தெரிந்தவனை ஓராண்டில் உருவாக்க முடியாது. 1757 நவம்பரில் கனடாவிலிருந்து பிரெஸ்ட் திரும்பிய கடற்படை டைபஸ் காய்ச்சலையும் கூடவே கொண்டுவந்து, துறைமுகத்திலும் ஊரிலும் மாலுமிகளை மேலும் குறைத்தது. இவை எதற்கும் ரைன் போருக்கும் தொடர்பில்லை.

இரண்டாவது தடை அமெரிக்கா. லாலிக்கு ஒதுக்கிய பலத்தில் ஒரு பகுதி கடைசி நேரத்தில் வட அமெரிக்காவுக்குத் திருப்பப்பட்டது. பிட்டின் வாதத்தை இந்தியாவுக்கு நீட்டுபவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. ஜெர்மன் போர் இல்லாமல் போயிருந்தால் கனடாவுக்கான ஆசை குறைந்திருக்காது, கூடியிருக்கும். மிச்சமான பணத்தின் முதல் பங்கு கியூபெக்குக்குப் போயிருக்கும். புதுச்சேரி வரிசையில் பின்னால்தான் நின்றிருக்கும்.

மூன்றாவதாக, கண்ணியை மாற்றினால் இரு தரப்புக்கும் மாறும். பிரான்சுக்கு ரைன் போர் இல்லையென்றால் பிரிட்டனுக்குப் பிரெடரிக்கின் உதவித்தொகையும் இல்லை, ஹனோவர் படைச் செலவும் இல்லை. அந்தப் பணம் கடற்படைக்குப் போகாது என்று எதை வைத்துச் சொல்வது? மாற்று வரலாறு எழுதுபவர்கள் தங்களுக்குப் பிடித்த தரப்புக்கு மட்டும் சுமையைக் குறைத்துவிட்டு மற்றவரின் சுமையை அப்படியே விட்டுவிடுவது இத்துறையின் நாட்பட்ட நோய்.

இவற்றுக்கெல்லாம் மேலாக வங்காளம். 1757 மார்ச்சில் அங்கிருந்த பிரெஞ்சுக் குடியேற்றமான சந்திரநாகூர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஜூன் 23இல் பிளாசி. இரண்டும் ரோஸ்பாக்குக்கு முந்தையவை. சென்னை ஆங்கிலேயர் தள்ளாடியபோது வங்காளத்திலிருந்து பணமும் வந்தது, 1758இல் போர்டு தலைமையில் படையும் வந்து வட சர்க்கார் மாவட்டங்களைப் பிடுங்கியது. புதுச்சேரிக்கு அப்படியொரு பின்புலம் இல்லை. தக்காணத்தில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கட்டி வைத்திருந்த செல்வாக்கு ஒன்றுதான் அதற்கு ஈடாக இருந்தது. லாலியே கடிதம் எழுதி அவரைத் திருப்பி அழைத்து அதையும் கலைத்தார். அந்தக் கடிதத்தை எழுதச் சொல்லி எந்தப் பிரஷ்யரும் லாலியின் கையைப் பிடிக்கவில்லை.

6. தஞ்சைக் கோட்டை, ஆகஸ்ட் 1758

பிட்டின் வாதத்தை நேருக்கு நேர் சோதிக்க உகந்த களம் தஞ்சை. வந்தவாசியைவிட இதையே திருப்புமுனையாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

லாலி 1758 ஏப்ரல் 28 அன்று புதுச்சேரியில் இறங்கினார். கடலூர் உடனே விழுந்தது. ஜூன் 2இல் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையும் விழுந்தது. அடுத்து சென்னைக்குப் போவதுதான் அவர் திட்டம். புதுச்சேரி ஆளுநர் லெய்ரி கையை விரித்தார்: பணமில்லை. பணம் எங்கே இருக்கிறது என்று தேடியபோது பழைய கடன் பத்திரம் ஒன்று கிடைத்தது. 1749இன் இறுதியில் நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவரை ஆதரித்த பிரெஞ்சுக்காரரும் தஞ்சையை முற்றுகையிட்டபோது, தப்பித்தால் போதும் என்று தஞ்சை அரசர் பிரதாப சிங் எழுதிக் கொடுத்த வாக்குறுதியில் பாக்கி நின்ற தொகை 56 லட்சம் ரூபாய். அதை வசூலிக்கத்தான் ஐரோப்பாவிலிருந்து வந்த படை ஜூன் மாதக் கடைசியில் காரைக்கால் வழியாகத் தஞ்சைக்குக் கிளம்பியது. ரைன் கரையில் கிரேபெல்ட் தோல்வி நிகழ்ந்ததும் அதே நாட்களில்தான்.

வண்டியில்லை, மாடில்லை, அரிசியில்லை. புனித டேவிட் கோட்டை முற்றுகையின்போதே புதுச்சேரிவாசிகளைச் சாதி பாராமல் சுமை இழுக்க வைத்து ஊரின் வெறுப்பை லாலி சம்பாதித்திருந்தார். இம்முறை கடந்துபோன கிராமங்களில் நெல்லும் மாடும் முன்கூட்டியே மறைந்துவிட்டன. நாகூரில் கொள்ளையடிக்கும் உரிமையையே பிஷர் என்ற குதிரைப்படைத் தலைவருக்குக் குத்தகைபோல் விட்டார் லாலி. பெயரைப் பார்த்தால் ஜெர்மானியர். அப்படியானால், பிரெடரிக்கோடு பிரான்ஸ் மோதிக்கொண்டிருந்தபோது பிரெஞ்சுச் சம்பளத்தில் ஜெர்மானியர் தமிழ் மண்ணில் கொள்ளையடித்திருக்க வேண்டும். கீவளூரில் கோயில் புதையலைத் தேடிக் குளத்தைத் தோண்டினார்கள். கிடைத்த சிலைகள் பித்தளை. அங்கே ஆறு பிராமணர்களை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். சோழ மண்டலத்தில் செய்தி எவ்வளவு வேகமாகப் பரவியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

தஞ்சையில் பேச்சுவார்த்தை இழுத்தது. பணம் கொஞ்சம் தருகிறோம், மாடு தருகிறோம், நாளைக்குத் தருகிறோம் என்று தஞ்சைத் தரப்பு நாளைக் கடத்தியது. திருச்சியிலிருந்து ஆங்கிலத் தளபதி கேலியாட் அனுப்பிய சிப்பாய்கள் அதற்குள் வந்து சேர்ந்தார்கள். பொறுமையிழந்த லாலி, அரசரையும் குடும்பத்தையும் அடிமைகளாக மொரீசியசுக்கு அனுப்புவேன் என்று மிரட்டியதாகப் பதிவு உள்ளது. அதுவரை விலை பேசிக்கொண்டிருந்த அரண்மனை அதற்குப்பின் போரிடத் தீர்மானித்தது. ஆகஸ்ட் 2 முதல் பிரெஞ்சுப் பீரங்கிகள் சுட்டன. ஒரு வாரத்தில் மதிலில் சிறு உடைப்பு விழுந்தது. அந்த நேரத்தில் இருப்பைக் கணக்கிட்டபோது, பீரங்கிகளுக்கு எஞ்சிய மருந்து ஏறக்குறைய நூற்றைம்பது முறை சுடத்தான் காணும், சிப்பாய்க்கு ஆளுக்கு இருபது தோட்டா, இரண்டு நாள் சாப்பாடு. ஆகஸ்ட் 3 அன்று நாகப்பட்டினத்துக்கு அருகே தாஷேயின் கப்பல்கள் ஆங்கிலக் கடற்படைத் தளபதி போக்காக்கிடம் அடிவாங்கிய செய்தியும், காரைக்காலுக்கு ஆபத்து என்ற செய்தியும் வந்து சேர்ந்தன. தஞ்சைத் தளபதி மானோஜியின் படை கோட்டையை விட்டு வெளியே வந்து தாக்கியது; லாலியைக் கொல்லவே ஒரு குதிரைக் கூட்டம் முகாமுக்குள் புகுந்தது. முற்றுகை கலைந்தது. திருவாரூர் வழியாகக் காரைக்காலுக்குத் திரும்பிய படையைப் பசியும் தாகமும் மராட்டியக் குதிரைகளும் துரத்தின.

இந்தக் காட்சியில் ரோஸ்பாக்கை எங்கே வைப்பது? இன்னும் ஆயிரம் பிரெஞ்சு வீரர்கள் இருந்திருந்தால் இரண்டு நாள் சாப்பாடு ஒன்றரை நாள் சாப்பாடாகியிருக்கும். குறைந்தது வெடிமருந்தும் மாடும் நெல்லும். மூன்றில் மருந்தை மட்டுமே பிரான்சிலிருந்து அனுப்பியிருக்கலாம். மாட்டையும் நெல்லையும் கொடுக்கவோ மறுக்கவோ கூடியவர்கள் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருந்தவர்கள்.

கடற்போரில் மட்டும் பிட்டுக்குக் கொஞ்சம் இடம் விடலாம். தாஷேயிடம் நல்ல நிலையில் இன்னும் மூன்று நான்கு போர்க்கப்பல்கள் இருந்திருந்தால் நாகப்பட்டினச் சண்டை வேறுவிதமாக முடிந்திருக்கலாம். செப்டம்பர் தொடக்கத்தில் அவர் லாலியின் கெஞ்சலை மீறி மொரீசியசுக்குக் கிளம்பியிருக்கவும் மாட்டார். ஆனாலும் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் தங்க இடமில்லை. ஆங்கிலேயருக்குப் பம்பாயில் கப்பல் பழுதுபார்க்கும் துறை இருந்தது; பிரெஞ்சுக்காரருக்கு மொரீசியஸ், அதுவும் தானியத்துக்கு வெளியாரை நம்பியிருந்த தீவு. டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அவர் வீரர்களில் பலர் கறுப்பர் நகரத்தில் கிடைத்த சாராயத்தில் விழுந்தார்கள்; 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் முற்றுகை முடிந்தது. எதிரிக் கப்பல் எப்போது வரும், தன் கப்பல் எப்போது வராது என்பதில்தான் தோல்வி அடங்கியிருந்தது. இவ்வளவையும் சீர்தூக்கினால், ஜெர்மன் போர் இல்லாதிருந்தால் பிரெஞ்சு வெற்றிக்கான வாய்ப்பு கூடியிருக்கும், உறுதியாகியிருக்காது என்ற அளவில்தான் நிற்க முடிகிறது.

7. வடகரையிலிருந்து பார்த்தால்

மேலே சொன்ன வாதமெல்லாம் வெள்ளைக் கம்பெனிகளுக்குள் யார் ஜெயித்திருப்பார் என்பது பற்றியது. அரியலூர், உடையார்பாளையம் பக்கமிருந்து பார்த்தால் கேள்வியே மாறிவிடுகிறது.

1754 இறுதியில் புதுச்சேரி ஆளுநர் துப்ளேக்ஸ் திரும்பி அழைக்கப்பட்டு, பிரெஞ்சுத் தரப்பில் கோதெயும் ஆங்கிலத் தரப்பில் சாண்டர்சும் தற்காலிக உடன்பாடு செய்துகொண்ட பிறகு, இரு கம்பெனிகளும் காகிதத்தில் சமாதானமாக இருந்தன. அந்தச் சமாதான காலத்தில் இரண்டும் செய்தது ஒரே வேலை. 1755இல் ஆங்கிலேயர் நவாப் முகமது அலிக்காகக் கர்னல் ஹெரான் தலைமையில் மதுரை, திருநெல்வேலிப் பாளையங்களில் கப்பம் வசூலிக்கப் போனார்கள். அதே ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி மெசேன் துறையூருக்குள் புகுந்து பாளையக்காரரை மாற்றினார். பிறகு அரியலூர், உடையார்பாளையம் காடுகளின் பக்கம் திரும்பினார். அவை நவாபுக்குக் கட்டுப்பட்டவை என்று ஆங்கிலேயர் ஆட்சேபித்ததும் புதுச்சேரி அவரைத் திருப்பி அழைத்தது. 1757இல் தோத்தேய் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை உடையார்பாளையத்தில் பணம் கறந்துகொண்டுதான் திருச்சியை நோக்கி நகர்ந்தது. பாளையக்காரர்களின் கையிருப்பு ஒன்றுதான்: முள்ளும் மூங்கிலும் அடர்ந்த காடு. அதற்குள் பீரங்கி வண்டி ஏறாது. காட்டைக் காட்டி விலையைக் குறைப்பார்கள், கொஞ்சம் கொடுப்பார்கள், மீதியைத் தள்ளிப்போடுவார்கள். தஞ்சை அரண்மனை லாலியிடம் செய்ததும் இதையேதான்.

1763 பிப்ரவரி 10இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை பிரான்சுக்குப் புதுச்சேரியைத் திருப்பிக் கொடுத்தது. கூடவே முகமது அலியைக் கர்நாடகத்தின் (அதாவது ஆர்க்காட்டின்) முறையான நவாபாக ஏற்கவும் வைத்தது. ஐந்து நாள் கழித்து ஹூபர்ட்டுஸ்பர்க்கில் பிரெடரிக் தன் சமாதானத்தை முடித்தார். பாரிசில் எழுதிய அந்த ஒரு வரியின் விளைவு 1765இல் வடகரையைத் தொட்டது: நவாபின் படை ஆங்கிலத் துணையோடு வந்து அரியலூரையும் உடையார்பாளையத்தையும் பிடித்தது. பத்தாண்டுகளாக இருவரிடமும் விலை பேசிய பாளையங்களுக்கு, ஒருவர் விலகியதும் பேரம் முடிந்துபோனது.

லாலி ஜெயித்திருந்தால்? பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த நவாப் வேட்பாளர் சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப். அவரிடம் தஞ்சை மேல் 56 லட்ச ரூபாய்ப் பத்திரமும், பாளையங்கள் மேல் பரம்பரைக் கப்ப உரிமையும் இருந்தன. 1765 படையெடுப்பு பிரெஞ்சு அதிகாரியின் கீழ் இரண்டு மூன்று ஆண்டு முன்னதாகவே வந்திருக்கும் என்பதே சான்றுகள் இடம்தரும் முடிவு. பிரெஞ்சு ஆட்சி மென்மையாக இருந்திருக்கும் என்று புதுச்சேரியின் பிற்காலத் தெருக்களைப் பார்த்து எழுதுபவர்களுக்கு மெசேன், தோத்தேய் பெயர்கள் தெரிவதில்லை.

8. தமிழ் மண்ணில் ஜெர்மானியர்

இன்னொரு திசையிலும் ஆராயலாம். பிரஷ்யாவே இங்கு வந்திருக்குமா? பிரெடரிக் 1750களின் தொடக்கத்தில் வடகடல் துறைமுகமான எம்டனில் ஆசிய வணிகக் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, சீனாவின் கான்டனுக்குக் கப்பல் அனுப்பினார். வங்காளத்துக்கென்று தனிக் கம்பெனியும் உண்டு. 1757இல் பிரெஞ்சுப் படை எம்டனைப் பிடித்ததோடு அந்த முயற்சி படுத்தது. 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையைக் குண்டு வீசிக் கலக்கிய கப்பல் அதே ஊரின் பெயரைச் சுமந்து வந்தது. பிரான்ஸ் ஜெர்மனிக்குள் போகாமலிருந்திருந்தால், சோழமண்டலக் கரையில் டேனிஷ்காரருக்குத் தரங்கம்பாடி இருந்ததுபோல் பிரஷ்யருக்கும் ஒரு கிட்டங்கியாவது இருந்திருக்கும் என்று ஊகிப்பது அதிகமில்லை. தரங்கம்பாடியிலேயே பிரெடரிக்கின் குடிமகன் ஒருவர் அப்போது தமிழ் பேசிக்கொண்டிருந்தார்: பிராண்டன்பர்க்கில் பிறந்து, ஹாலேயில் படித்து, 1750இல் வந்திறங்கிய ஸ்வார்ட்ஸ். பின்னாளில் திருச்சியிலும் தஞ்சையிலும் அரசர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே தூது போனவர் அவர்.

பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் எதிரெதிர் அணியில் நின்று தமிழ் மண்ணில் போரிட்டதும் நடந்திருக்கிறது. ஆங்கிலக் கம்பெனிக்காக ஹனோவரில் திரட்டிய இரண்டு படைப்பிரிவுகள் 1782இல் சென்னை வந்தன. 1783 ஜூன் 13 அன்று அவை கடலூருக்கு வெளியே பிரெஞ்சு அரண்களைத் தாக்கிப் பெருஞ்சேதம் கண்டன. எதிரே தலைமை வகித்தவர் வயதான புஸ்ஸி, 1760இல் வந்தவாசியில் கைதியானவர். வெர்சாயில் சமாதானத்துக்கான முன்னுடன்பாடு அந்த ஜனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது. செய்தி கடலூருக்கு வந்து சேர்ந்தது ஜூன் இறுதியில். ஐரோப்பிய அரசவையில் எழுதும் ஒரு வரி இங்கே உயிர்களைத் தீர்மானித்தது என்ற பிட்டின் கட்சிக்கு இது சாட்சி. அந்த வரி வந்து சேரும்வரை இங்குள்ளவர்கள் தம் போக்கில் போரிட்டார்கள் என்ற என் கட்சிக்கும் இதுவே சாட்சி.

9. கடன்

மாற்று வரலாற்றில் உண்மையாகவே வேறுபட்டிருக்கக்கூடிய ஒன்று கடன். முகமது அலி சென்னையின் ஆங்கிலத் தனியாரிடம் வாங்கிய கடன்தான் 1773இல் தஞ்சையைப் பிடிக்க அவரைத் தூண்டியவற்றில் முதன்மையானது. ஆங்கிலப் படையே பிடித்துக் கொடுத்தது. 1776இல் தஞ்சையை அதன் அரசர் துளஜாஜிக்குத் திருப்பித் தந்த சென்னை ஆளுநர் பிகட்டை, சில மாதங்களிலேயே அவர் சபையினரே சிறைப்பிடித்தார்கள். பால் பென்பீல்டு என்ற கம்பெனி ஊழியர் தஞ்சை நெல்லின் மீதே உரிமை கோரியது அந்தச் சண்டையின் மையத்தில் இருந்தது. 1785இல் எட்மண்ட் பர்க் இந்தக் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் நீண்ட உரை நிகழ்த்தினார்.

ராசா சாகிபின் கர்நாடகத்தில் பென்பீல்டு இருந்திருக்க மாட்டார். பிரெஞ்சுக் கம்பெனியின் ஏகபோகம் 1769இலேயே நிறுத்தப்பட்டது. அவ்வளவு பெரிய கடன் கொடுக்கப் புதுச்சேரியில் முதல் இருந்திருக்காது என்று வாதிடலாம். வாதத்துக்குக் குறுக்கே நிற்பவர் துப்ளேக்ஸ். போருக்காகத் தன் சொந்தப் பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் கொட்டியதாகக் கூறி, அதைத் திருப்பித் தரும்படி பிரெஞ்சுக் கம்பெனியோடு வழக்காடியபடியே 1763 நவம்பரில் பாரிசில் இறந்தார் அவர். அந்தப் பணம் திரும்பி வரும் என்று அவர் நம்பியதற்கு ஈடாக இருந்தது கர்நாடக நாட்டின் வரி வசூல்.